காற்றுப் பெட்டிக்குள் திருநீறு

பதினான்கு வயதான என் டீசல் காருக்கு இரண்டு வாரமாக இழுவை இல்லை. திருமயம் ரோட்டு மேட்டில் டவுன் பஸ்ஸே முந்திப் போகிறது.

இன்று காலை ஒர்க்‌ஷாப் போனேன். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சின் செத்துருச்சு தம்பி. எறக்கித்தான் பாக்கணும். வண்டிய அங்கிட்டு ஓரமா விட்டுட்டுப் போங்க."

விட்டுவிட்டுப் போக நான் என்ன கிறுக்கனா? இஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரின் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டினேன். வண்டி நன்றாக இழுத்தது. கோளாறு சென்சாரில்தான்.

கழற்றிப் பார்த்தேன். உள்ளே முடி போன்ற கம்பி, அதன்மேல் வெள்ளையாக ஒரு படிவு. நம் ஊர்ப் புழுதி செம்மண் நிறமல்லவா? முகர்ந்து பார்த்தேன். திருநீறு.

"போன சர்வீஸ்ல புது ஃபில்டர் மாட்டுனப்ப, காத்துப் பெட்டிக்குள்ள, ஃபில்டருக்கு அங்கிட்டு ஒரு சிட்டிகை போட்டுவிட்டேன் தம்பி. வண்டிக்கு நல்லதுதானே" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

டிக்கியில் வைத்திருந்த சென்சார் ஸ்பிரேயை அடித்து, கம்பியைத் தொடாமல் காயவிட்டு மாட்டினேன். மேட்டில் ஒரு பஸ்ஸை முந்திவிட்டு வந்து நிறுத்தினேன்.

அண்ணன் அசரவில்லை. "பாத்தீங்களா, அது உள்ள இருக்கப்போயித்தான் இஞ்சின் தப்பிச்சிருக்கு" என்றபடி சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார்.

பானெட்டைச் சாத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

உங்கள் மெக்கானிக் என்ன போட்டு வைத்திருக்கிறார் என்று திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.