பின்தட்டில் இல்லாத இடம்

காட்டுப்பாதைகளில் ஓட்டுவதற்காக பின்னால் திறந்த தட்டுள்ள என் கெப் வண்டியை உயர்த்திக் கட்டினேன். பின்தட்டு முழுக்க மேலதிகச் சக்கரங்களும் இரும்புப் பெட்டியும் பூட்டி, களவு போகக்கூடாதென்று நட்டுகளுக்கு வெல்டிங்கும் வைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஒருநாள் டயகம மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு ராசம்மாக்காவைக் குளவிகள் கொட்டிவிட்டன. அவர் கணவர் கம்பளியில் தூக்கி வந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஒரே வண்டி என்னுடையது.

"தம்பி, படுக்க வைக்க எடமே இல்லையேப்பா!"

முன்னிருக்கையில் அக்காவால் உட்கார முடியவில்லை. சுத்தியலால் அடித்தடித்துப் பெட்டியைப் பெயர்க்க அரை மணி நேரமானது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

கருமாதியன்று கணவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வண்டி வச்சிருந்ததாலதான் தம்பி, அவள கொண்டுபோகவாவது முடிஞ்சது."

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அவர் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டுவிட்டால் தேவலை என்றிருக்கிறது.