பேர் சொல்லாமல் அனுப்பிய படங்கள்

ஆராய்ச்சி செய்கிற பிள்ளைக்கு அம்மாவாக இருப்பது ஒரு முழுநேர உத்தியோகம். அதற்கு எங்கேயாவது பயிற்சி வகுப்பு நடப்பதாக நான் கேள்விப்படவில்லை. நான் பாரிசில், எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே என்கிற தெருவில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மகள் ஆரணி, எண்களைப் படமாக்கிக் காட்டுகிற துறையில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவு உள்ளவர்கள், தங்களுடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்தவுடன் விளங்கிக்கொள்ள எப்படிப் படம் கீற வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதை எழுதி ஒரு பெரிய மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் எடுத்தால்தான் பட்டம். இந்த இலையுதிர் காலத்தோடு பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஒப்பந்தமும் முடிகிறது. என்னைப் போன்ற தாய்மாரே, மிச்சத்தை நான் சொல்லாமலே உங்கள் வயிறு சொல்லும்.

வடையோடு ஒரு பரிசோதனை

படங்களைக் காட்டிக் கேள்வி கேட்க சீனி வருத்தக்காரர் வேண்டும் என்றாள். லா சப்பலில் அதற்கா பஞ்சம்! கடைக்கு வருகிறவர்களை நானே வீட்டுக்குக் கூப்பிட்டேன். வீடு தேடி வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்பலாமா? சீனி போடாத தேத்தண்ணியும் சூடாக வடையும் கொடுத்தேன். ஒவ்வொருவரும் தனியாக இருந்து பதில் சொல்ல வேண்டுமாம். எங்கள் ஆட்கள் சோடியாக வந்தார்கள். மனைவியைக் கேட்டால் புருஷன் பதில் சொன்னார்.

எல்லாப் படத்துக்கும் எல்லாரும் "வடிவாய் விளங்குது பிள்ளை" என்றார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பிறகு ஆரணி, "இதிலே சீனி கூடின நாள் எது?" என்று மரக்கறிக் கடைச் சிவம் அண்ணையைக் கேட்டாள். அவர் படத்தைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளங்கவில்லை என்று முன்னமே சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு அவர் சொன்னார்:

"பிள்ளை கஷ்டப்பட்டுக் கீறினது. விளங்கேல்லையெண்டு மூஞ்சைக்கு நேரே எப்பிடியம்மா சொல்லுறது?"

இரண்டாவது ஆள்

போன வருடம் அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மாநாட்டுக்காக அதைப் படித்துப் பார்த்தவர்கள் நாலு பேராம். மூன்று பேர் பரவாயில்லை என்று எழுத, இரண்டாவது ஆள் மட்டும், "எல்லாரும் எல்லாப் படத்தையும் நல்லது என்றால் அதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டிருந்தாராம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆரணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, என்ன கேட்டாலும் பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள். அந்த மனிசர் ஆர், எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாதாம், யாருடைய கட்டுரை என்று அவருக்கும் தெரியாதாம். இரண்டு பக்கமும் பேர் மறைத்துத்தான் இந்தக் காரியம் நடக்கிறதாம்.

அவருக்கும் நல்ல புத்தியைக் கொடு என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மூத்தவன் சுதன் சொன்னான்:

"அம்மா, அந்தாள் நாங்கள் இருக்கிற இந்த ஸ்தேன் ஊரிலேயே பக்கத்து வீட்டிலை இருந்தாலும் எங்களுக்குத் தெரியாது. எதுக்கும் ஒருத்தரோடையும் சண்டை கொளுவாதேங்கோ."

கீறினவர் ஆர்?

இந்த முறை ஆரணி வேறு வழி பார்த்தாள். தன்னோடு படிக்கிறவர்கள் கீறிய படங்களையும் தன் படங்களையும் கலந்து வைத்தாள். "இதிலை பலபேர் கீறின படங்கள் கலந்திருக்கு. எது ஆர் கீறினதெண்டு சொல்லவும் மாட்டன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். வடை, தேத்தண்ணி எல்லாம் கேள்வி முடிந்த பிறகுதான் என்று எனக்கும் உத்தரவு.

எங்கள் சனத்துக்கு அப்போது வந்த வாயைப் பார்க்க வேண்டும்! இந்த நிறம் கண்ணைக் குத்துகிறது, இந்த எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்று ஒன்றையும் விடவில்லை. ஆரணி மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில், அவள் மாதக்கணக்காக இருந்து கீறிய, வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றுகிற படத்தைச் சிவம் அண்ணை கையில் எடுத்தார். நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன். அவர் குரல் அங்கேயும் கேட்டது:

"இதைக் கீறினவருக்கு நான் என்ன பாவம் செய்தனான்?"

இராகு காலம்

கட்டுரை அனுப்பக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. உலகத்தின் கடைசி மூலையில் வியாழக்கிழமை முடியும்வரை நேரம் தருவார்களாம். அது பாரிசில் வெள்ளி மத்தியானம் ஆகிறதாம். நல்ல வசதிதான், ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகு காலம் தொடங்கிவிடுமே! அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலிருந்து அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பிவிட்டாள். நான் கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பினால், மறுபடியும் தட்டிக்கொண்டிருக்கிறாள். நேரம் முடியும்வரை திருத்தித் திருத்தி அனுப்பலாமாம். முதலில் போனது நல்ல நேரத்தில் போனதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு மணி கழியட்டும் பிள்ளை என்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"அம்மா, எல்லாரும் கடைசி நிமிசத்திலை அனுப்பி அந்த இன்டர்நெட் சீத் வேலை செய்யாமல் நிண்டுதெண்டால், அதுதான் எனக்கு இராகு காலம்."

அர்ச்சனை

பின்னேரம் கோயிலுக்குப் போனேன். ஐயர் தட்டத்தை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்றார். எனக்குத் திக்கென்றது. முடிவு வரும்வரை பேர் வெளியே தெரியக்கூடாது என்று ஆரணி எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்! பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஆர் எவர் என்று எனக்கென்ன தெரியும்? "ஐயா, ஒரு மாநாட்டு விசயம். பேர் சொல்லக்கூடாது, சுவாமி பேருக்கே செய்யுங்கோ" என்று மெதுவாகச் சொன்னேன்.

ஐயர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சுவாமிக்காவது சொல்லலாமோ, இல்லை அவருக்கும் தெரியக்கூடாதோ?"

எடுத்துவிட்டார்கள்

கோடை வந்தது. ஒரு நாள் மத்தியானம், கடை நிறைந்த நேரம், ஆரணி நேரே குசினி வாசலுக்கு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. என் கையிலிருந்த அகப்பை எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது. "எடுத்திட்டினம் அம்மா" என்றாள். நான் முருகா என்று கத்தியதில் முன்னால் இருந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பிவிட்டார்கள். வட்டப் படத்தை விட்டுவிட்டு, சனம் விளங்கியது என்று சொன்ன சாதாரணக் கோட்டுப் படத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தாளாம்.

ஆனால் முழுதாக எடுக்கவில்லையாம். தாங்கள் சொல்கிறதையெல்லாம் திருத்தித் தந்தால்தான் கடைசி முடிவு என்று நிபந்தனை போட்டிருக்கிறார்களாம். இதற்குச் சந்தோசப்படுவதா, இன்னும் பொறுப்பதா என்று தெரியாமல் நான் நின்றேன். கடை முதலாளி பரமேஸ் அக்கா ஆரணியின் வாயில் கேசரியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"எடுத்தாப் பிறகும் அதைத் திருத்து, இதைத் திருத்தெண்டால், அது மாமியார் வீடெல்லோ பிள்ளை! சாப்பிட்டிட்டுப் போய்த் திருத்து."

திருத்தினாள், அவர்களும் சரி என்றார்கள். ஆராய்ச்சியை எழுதி அனுப்புகிற பகுதியைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்கிற பகுதியை மட்டும் எங்களிடம் தந்துவிடுகிறார்கள் என்பதுதான், தாய்மாரே, நான் இந்த உத்தியோகத்தில் கண்டது.