பட்டாசலுக்கு வந்த பனையோலைப் பாய்

கோமு கல்யாணமாகிச் சேரன்மகாதேவிக்கு வந்த முதல் வாரம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டுதான் திரிந்தாள். வேறென்ன செய்வாள், பாவம்! பிறந்தது ராதாபுரம். பனைமரத்தை விட்டால் அங்கே வேறு பச்சை கிடையாது. ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு கிணறு எட்டிப் பார்க்க வேண்டும். இங்கேயோ புறவாசல் கதவைத் திறந்தால் கன்னடியன் கால்வாய், யாரும் கேட்காமலே இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கரையெல்லாம் வாழையும் மஞ்சளும். "இம்புட்டுத் தண்ணியும் எங்கன போகுது?" என்று புருஷன் வைத்தியலிங்கத்திடம் கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான். அவனுக்கும் தெரியாது.

மாமியார் ஆவுடைத்தாய் பொல்லாதவள் இல்லை, நாக்குத்தான் கொஞ்சம் நீளம். வீட்டின் நடுக்கூடமான பட்டாசலில் பத்தமடைக் கோரைப்பாயைத் தவிர எதையும் விரிக்க விடமாட்டாள். ஆற்றங்கரைக்காரர்களுக்குப் பனையோலைப் பாய் என்றால் முற்றத்துச் சாமான். நெல் காயும், வத்தல் காயும், அவ்வளவுதான். அதனால் ராதாபுரத்துச் சீரோடு சுருட்டி வந்த ஓலைப்பாயை அவள் முழுசாக விரித்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு வேலை செய்யும் இசக்கித்தாயிடம், "முத்தத்துக்கு ஆகும், கொண்டு போளா" என்று தள்ளிவிட்டாள். மறுநாளே அதில் மிளகாய் வத்தல் ஏறியது. ஏழு மாதமாக இறங்கவில்லை.

கோமுவுக்கு நெஞ்சு எரிந்தது. அந்தப் பாயைப் பின்னியது அவளுடைய அப்பா திருஞானசம்பந்தம். பெண்டாட்டியை இழந்த மனிதர், மகளுக்குச் சீர் செய்ய வீட்டில் பெண்துணை இல்லாதவர். பழைய பாய் ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தானே பின்னக் கற்று, கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தார். சைவ வீட்டு ஆம்பளை ஓலை கிழிக்கிறான் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா? "யாரு பின்னுனதுன்னு மட்டும் சொல்லிராத தாயி, சிரிச்சிருவாங்க" என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மார்கழிக் கடைசியில் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. தலைப்பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீரான படியை அவரே கொண்டுவருகிறாராம். வத்தலுக்கு அடியில் கிடக்கிற பாயைப் பார்த்தால் அப்பா சண்டை போட மாட்டார். ஒரு வார்த்தை பேசாமல் போய் வண்டியில் ஏறுவார். அதுதான் கோமுவுக்குத் தாங்காது.

பொங்கலுக்காக வீடெங்கும் வெள்ளையடித்துக் காவிப்பட்டை தீட்டியாயிற்று. "ஏளா கோமு, பட்டாசல் ஒம் பொறுப்பு. ஒங்க அப்பா பாத்து மலைக்கணும்" என்றாள் ஆவுடைத்தாய். நல்லதாகப் போயிற்று! கோமு வத்தலைச் சாக்கில் தட்டி, தும்மித் தும்மிப் பாயைக் கால்வாய்க்குத் தூக்கிப் போனாள். தண்ணீரில் முக்கினதும் சிவப்பாகக் கரைந்து ஓடியது. ஐயோ, சாயம்! பதறிப்போய் வெளியே இழுத்துப் பார்த்தாள். பாயில் சாயம் அப்படியே இருக்கக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. போனது மிளகாய்தான்.

வாழை நிழலில் உலர்த்திக் கொண்டுவந்து பட்டாசலின் நடுவில் விரித்தாள். நிலையில் மாவிலை கட்டினாள். மூலைக்கு மூலை செம்புப் பானை வைத்து, வேரோடு கழுவிய மஞ்சள் செடிகளை நிறுத்தினாள். வெள்ளைச் சுவரும் பச்சையுமாகக் கூடமே குளிர்ந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து ஆவுடைத்தாய் உள்ளே வந்தாள். "அடி பாதகத்தி! வத்தப் பாயையா நடுவீட்டுல விரிச்சிருக்க? சம்பந்தி வார நேரத்துல மானத்த வாங்குதியே!" என்று குனிந்து, தானே சுருட்டத் தொடங்கினாள். வாசலில் வண்டி மணி கேட்டது. படிச்சாமான்களோடு திருஞானசம்பந்தம் நிலைப்படியில் வந்து நின்றார். சம்பந்தியம்மாள் கையில் பாதி சுருண்டு கிடந்த பாயைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

ஆனால் ஆவுடைத்தாயின் கை நின்றுபோயிருந்தது. பாயின் குருத்தோலை வெளுப்பில் சாய ஓலையால் செம்பருத்தி பூத்திருந்தது. காய்த்த முருங்கை, குலை தள்ளிய வாழை, கொப்புக்குக் கொப்புக் கிளி. ஒரு கிளி மாதிரி இன்னொன்று இல்லை. நடுவில் விளிம்பு வரை தண்ணீர் நிற்கிற கிணறு. சுருட்டினதை அவள் பைய விரித்தாள், முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். "எம்மா, எம்மா..." என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அந்த நாக்குக்கே!

"அண்ணாச்சி, இது யாரு பின்னுனது?"

"அங்கன... ஊர்ல ஒரு பொம்பள, மைனி" என்றார், வெட்டுப்பட்ட விரல்களைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு.

கோமுவால் பொறுக்க முடியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது! "பொய், அத்தை. எங்க அப்பாதான் பின்னுனாங்க. நான் சின்னப் பிள்ளைல தோட்டம் வேணும்னு அழுதேன். எங்க கெணத்துல தண்ணி இல்ல, அப்பாவால வைக்க முடியல. அதான் இதுல வச்சிருக்காங்க" என்றாள்.

சிரிப்பு வரப்போகிறது என்று திருஞானசம்பந்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆவுடைத்தாய் பாயை விட்டு இறங்கினாள். அதில் மிதித்திருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள். "ஏழு மாசமா வத்தலப் போட்டு வச்சிருந்தேனே அண்ணாச்சி, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள். "வாங்க. இதுலதான் நீங்க உக்காரணும்."

அவர் நகரவில்லை. "ஓரத்துல இருந்துதான் பின்னுனேன் மைனி. பிள்ளைக்குப் போற சாமான்னு ஒரு நாள்கூட மேல உக்காந்தது இல்ல" என்றார்.

"அப்பா, உக்காருங்க" என்றாள் கோமு.

அவர் கிணற்றை மிதிக்காமல் ஒதுங்கி நடந்துபோய், வாழைக்கும் முருங்கைக்கும் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.