கீழ தள்ளினா விசில் ஊதாத ஆட்டம்

நேத்தும் தப்பா வேற வூட்டுக்குள்ள பூந்துட்டேன். இங்க எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி, அதே கேட்டு, அதே பச்சக் கதவு. உள்ள போயி நாற்காலியில உக்காந்து துண்டால மூஞ்சியத் தொடச்சிகினு இருக்கேன், யாரோ ஒரு பொண்ணு தோசக் கரண்டியோட வந்து நிக்குது. "எந்த ப்ளாக் தாத்தா நீங்க?"ன்னுச்சு. நான் நம்ம ஊரு பேரச் சொன்னேன். "அது எந்த ப்ளாக்ல இருக்கு?"ன்னு கேக்குது. சொரங்கத்துக்குள்ள இருக்குதும்மான்னேன். அதுக்குப் புரியல. தண்ணி குடுத்துச்சு, குடிச்சிட்டு வந்துட்டேன்.

சொரங்கத்துக்கு ஊரக் குடுத்துட்டு பண்ருட்டி, திருப்பூருன்னு செதறிப்போன நம்ம ஊரு சனங்களே, நான் வந்தது எட்டு கிலோமீட்டருதான். ஆனா வேற தேசம். அங்க ஆளப் பாத்தா யாரு மவன்னு கேப்போம். இங்க பர்மனென்ட்டா காண்ட்ராக்டான்னு கேக்கறான். மவனுக்கு சொரங்கத்து வேல ரொம்ப லேட்டாதான் பர்மனென்ட் ஆச்சு, அதுக்கப்பறந்தான் இந்த வூடு. எனக்கு எழுத வராது. நான் சொல்றேன், பேத்தி கயலு போன்ல அடிச்சிகினு இருக்கா. அவ சமாச்சாரந்தான் சொல்ல வந்தேன்.

கயலுக்கு எங்க அக்கா ஒடம்பு. எங்க அக்கா மல்லாட்டக் கடல மூட்டைய ஒத்த ஆளா வண்டியில ஏத்தும். பன்னண்டு வயசுல ஷட்டில் கத்துக்கணும்னு கயலு ஆசப்பட்டா. பக்கத்து ப்ளாக்குல காசு வாங்கிகினு சொல்லிக் குடுக்கற மாஸ்டரு ஒர்த்தன் இருந்தான், கூட்டிகினு போனேன். அவள மேலயும் கீழயும் பாத்துட்டு, அத்தினி புள்ளைங்க முன்னாடி, "இந்த ஒடம்புக்கு பேட்டு எதுக்கு பெரியவரே? மம்பட்டி வாங்கிக் குடுங்க, மண்ணு வெட்டட்டும்"னான். புள்ளைங்க சிரிச்சிதுங்க. அவன் மவளும் சிரிச்சா. வூடு வர்ற வரைக்கும் கயலு என் கைய வுடல.

மண்ணு வெட்டறத யாருகிட்ட சொல்றான்? இங்க குவார்ட்டர்ஸாண்ட பெரிய கிரவுண்டு இருக்குதே, அது பள்ளமா கெடந்தப்ப ரொப்புன கூலி நான். சொரங்கத்து மேல்மண்ண லாரியில கொட்டுவாங்க, நாங்க பரப்புவோம். ஒரு லோடுல செம்மண்ணோட மல்லாட்டத் தோலு, நாலஞ்சி ஓடு. எடுத்துப் பாத்தா நம்ம பள்ளிக்கூடத்து ஓடு. நான் கல்லு வுட்டு மூலைய ஒடச்ச ஓடு. நான் போகாத பள்ளிக்கூடம். மேஸ்திரி கத்துனான். பரப்பிட்டேன்.

எங்கியோ போயிட்டேன். கயலு காலேஜு சேந்தா. ரக்பி டீமுக்கு ஆளு எடுக்கறாங்கன்னா. "பல்லு கில்லு போயிட்டா எவன் கட்டுவான்?"ன்னு மருமவ கத்துச்சு. "சர்டிபிகேட்டு குடுப்பாங்கம்மா, வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு"ன்னா கயலு. எனக்கு அதெல்லாம் காதுல வுழல.

"ஆளக் கீழ தள்ளலாமா?"ன்னேன்.

"பந்து வச்சிருந்தா, தோளுக்குக் கீழ கட்டிப் புடிச்சி சாய்க்கலாம் தாத்தா."

"விசில் ஊத மாட்டானா?"

"மாட்டான்." அப்பறம் மெதுவா, "அந்த ஷட்டில் மாஸ்டரு பொண்ணும் வேற காலேஜு டீமுல ஆடறா"ன்னா.

சேருன்னேன். வேற இன்னா காரணம் வேணும்? அப்பன் பாத்துகினு இருக்க மவள மண்ணுல போட்டுட்டு, கைதட்டும் வாங்கற ஆட்டம் வேற எது? சுருட்டுன மெத்தைய செவுத்துல சாத்திக் குடுத்தேன், கட்டிப் புடிச்சிப் பழக. மெத்தைக்கு மாஸ்டருன்னு பேரு வச்சேன். ஒரே வருசத்துல மாஸ்டரு பஞ்சு பஞ்சா கிழிஞ்சான்.

போன மாசம் அதே கிரவுண்டுல மேச்சு. சனங்களுக்குக் கயிறு கட்டிட்டாங்க, நான் வெளிய. மாஸ்டரு வெள்ள ஷூ போட்டுகினு உள்ள. அவன் மவ காத்தாட்டம் ஓடறா. கயலு ரெண்டு வாட்டி வுட்டுட்டா. மாஸ்டரு கைய தட்டிகினு சிரிக்கறான். மூணாவது வாட்டி, இடுப்புல கட்டினா பாரு! ரெண்டு பேரும் சேந்து வுழுந்தாங்க. அந்தப் பொண்ணு வாயெல்லாம் மண்ணு. நான் ரெப்ரியப் பாத்தேன். அவன் விசில வாயில வெக்கவே இல்ல. எனக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. ஆட்டத்துல தோத்துட்டோம், அது கெடக்குது. முடிஞ்சதும் கயலு அந்தப் பொண்ணுக்குக் கை குடுத்தா. எனக்குப் புடிக்கல. இத போன்ல அடிக்கறப்ப என்னிய முறைக்கறா.

மாஸ்டரு கயித்தாண்ட வந்தான். "இன்னாய்யா வளத்து வச்சிருக்க பொண்ண? எந்த ஊருய்யா நீங்கல்லாம்?" என் மூஞ்சி அவனுக்கு அடையாளமே தெரியல. மம்பட்டி ஞாபகமும் இல்ல. அதுதான் எனக்கு இன்னம் எரியுது.

"நீங்க நின்னுகினு இருக்கீங்களே சார், அதாங்க எங்க ஊரு"ன்னேன்.

குனிஞ்சி கீழ பாத்தான். ஒரு காலத் தூக்குனான், எங்க வெக்கறதுன்னு தெரியாத மாதிரி அப்பிடியே நின்னான். வெள்ள ஷூவுல செம்மண்ணு.

நடுவுல கயிறு. அவன் நம்ம ஊருல நிக்கறான். நான் வெளிய, சிமெண்டு மேல.