அப்பாசாமி கட்டிய ஸ்பானிஷ் வாக்கியம்

திண்ணனூர் நாட்டு அப்பாசாமிக்கு மிளகு தெரியும், மரவள்ளி தெரியும், இப்போது கொஞ்சம் ஸ்பானிஷும் தெரியும். அதை அவர் மிளகு ஏணியின் உச்சியில் நின்றுதான் கற்றுக்கொண்டார். சட்டைப்பையில் இருக்கும் செல்போன் பாடம் நடத்தும். இவர் மிளகைப் பறித்துக்கொண்டே பதில் சொல்வார்.

"எல் அனிமால் எஸ் டெரிப்லே!"

"ஏனுங்க, மேல பேய் கீய் அறைஞ்சிருச்சா?" என்று கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி காளியாத்தாள் கேட்டாள்.

"மிருகம் பயங்கரமானதுன்னு சொல்றேன் புள்ள. ஏணிய ஆட்டாத."

ஸ்பானிஷில் பாதிச் சொற்கள் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவைதானாம். ஹாஸ்பிடல் அங்கே ஓஸ்பிடால், ஃபேமிலி ஃபமிலியா, நம் மேசைகூட மேசாதான். இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு 'எஸ்' செருகினால் வாக்கியம் எழுந்து நின்றுவிடும். அதற்கு முன்னால் ஒரு 'நோ' போட்டால் இல்லை என்றாகிவிடும். என்ன, தெரிந்த சொற்களை மட்டும் வைத்துக் கட்டியதால் மனுஷன் வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி, மிருகம், பயங்கரம் என்றே வந்தது.

எல்லாம் மகள் அருள்மொழிக்காக. அவள் ஸ்பெயினில் வேலை பார்க்கிறாள். அங்கேயே மாதேயோ என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். போன தடவை ஊருக்கு வந்தபோது துரும்பாக இளைத்திருந்தாள். ஏன் கண்ணு என்று கேட்டதற்கு, "அங்க வேண்டாம்னு சொன்னா நெசமாவே தட்ட எடுத்துட்டுப் போயிடறாங்கப்பா" என்றாள்.

அப்பாசாமிக்குப் பகீரென்றது. அவர்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டதுமே வாங்கித் தின்றால் பறக்காவெட்டி என்பார்கள். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை போனால் போகிறது என்று வாங்குவதுதான் மரியாதை. பெண்ணை அப்படி வளர்த்துத் தொலைத்தாயிற்று. அதைச் சம்பந்தியம்மாவிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார். மகள் மூலமாகச் சொல்லலாம் என்றால், அவள் அதற்கும் வேண்டாம்பா என்பாள். ஒரு மாசம் முட்டி மோதி வாக்கியத்தைக் கட்டி முடித்தார்: "எல் நோ தே மி இஹா நோ எஸ் நோ." என் மகள் சொல்லும் வேண்டாம், வேண்டாம் இல்லை.

கல்யாணம் பேசச் சம்பந்தியம்மா ரெமேதியோஸ், மாதேயோவோடும் அருள்மொழியோடும் வந்து இறங்கினார். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் அவரைப் பிழிந்து எடுத்திருந்தன. பிள்ளைகள் இருவரும் வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு விடப் போய்விட, அவர் மட்டும் வெளுத்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

அப்பாசாமி நாயைக் காட்டி, "அனிமால். நோ டெரிப்லே" என்றார். வீட்டைக் காட்டி, "நோ எஸ் ஓட்டெல். எஸ் ஃபமிலியா" என்றார். அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாசாமிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே இலையைப் போட்டுச் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் எடுத்துவந்தார்.

"நோ, கிராசியாஸ்" என்றார் ரெமேதியோஸ், வேண்டாம் நன்றி என்று.

இவர் வைத்தார்.

"நோ, நோ!"

"பாரு புள்ள, எப்படிப் பண்பா மறுக்கறாங்க! நம்மாளுக மாதிரியே!" என்று மனம் குளிர்ந்து இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"இம்போசிப்லே!"

முடியவே முடியாது என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்து என்ன? நாமும்தான் செத்தாலும் வேண்டாம் என்கிறோம், சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறோம். பாவம், ரெமேதியோஸ் மரியாதைக்காக நாலு வாய் விழுங்கினார். பிறகு எழுந்து பலா மரத்தடிக்கு ஓடி வாந்தி எடுத்தார்.

காளியாத்தாள் ஓடிப்போய் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலை சுத்தி உக்காந்திருந்தவங்களுக்கு ஊட்டி உட்டீங்களே, பாவி மனுசா!"

"எல் ஓஸ்பிடால் எஸ் எக்ஸெலென்டே" என்றார் அப்பாசாமி.

"நோ ஓஸ்பிடால்!"

கல்யாணமே போச்சு என்று நினைத்தார். சுக்குக் காப்பியை நீட்டிவிட்டுக் குற்றவாளி மாதிரி நின்றார். இனி மறைக்க என்ன இருக்கிறது? இலையைக் காட்டினார், கரண்டியைக் காட்டினார், கையைக் கூப்பினார். "எல் நோ தே மி இஹா நோ எஸ் நோ" என்றார்.

ரெமேதியோஸ் இலையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புரிந்து சிரித்தாரா, பைத்தியம் என்று சிரித்தாரா என்பது அப்பாசாமிக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தெளிந்திருந்த ரெமேதியோஸ் சாப்பாடு முடியும் நேரத்தில் எழுந்து, காளியாத்தாள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு நேராக அருள்மொழியிடம் வந்தார்.

"நோ, கிராசியாஸ்" என்றாள் அருள்மொழி. ஒரு கரண்டி விழுந்தது. "நோ, நோ!" இன்னொன்று விழுந்தது.

"ஏம்ப்பா, இவங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

அப்பாசாமி பதில் சொல்வதற்குள் கரண்டி அவர் இலைக்கு மேலே வந்து நின்றது. அவருக்குச் சத்தியமாக வயிறு நிறைந்திருந்தது. "நோ, நோ, இம்போசிப்லே!" என்று அலறினார். சம்பந்தியம்மா ஒரு வார்த்தையும் நம்பாமல் ஊற்றினார்.

அப்பாசாமி கண்ணில் நீர் வழிய அள்ளி அள்ளித் தின்றார்.

"ஏனுங்க, காரம் சாஸ்தியா?" என்றாள் காளியாத்தாள்.

"இல்ல புள்ள. நம்ம கண்ணு இனிப் பட்டினி கெடக்க மாட்டா."