துப்பட்டிக்காரனின் கடைசிப் பாகம்

என் பாக்குவெட்டி கிடக்கும் தகர டப்பாவில் ஒரு ஃபிலிம் துண்டும் கிடக்கிறது. விரல் நீளம்தான், மூன்று படங்கள். வீடு ஒதுக்கும்போதெல்லாம் மருமகள் அதைக் குப்பையில் போடப் பார்ப்பாள், நான் பிடுங்கி வைத்துக்கொள்வேன். கொடுத்தவர் மேல் எனக்குப் பிரியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கொடுத்தவர் என் மாமு, அம்மாவின் தம்பி. அவர்மேல் உள்ள கோபம் ஆறிப்போகக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு தகரக் கொட்டகைக்கு மாமு மேனேஜராக இருந்தார். வெள்ளை ஜிப்பா, காதில் அத்தர் பஞ்சு, கையில் டார்ச் லைட். படம் ஓடும்போது திரையைப் பார்க்க மாட்டார். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, டார்ச்சை எங்கள் முகத்தில் அடித்து, கூட்டத்தைத்தான் பார்ப்பார். ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. யாராவது கொட்டாவி விட்டால் போதும், அந்த இடத்தை அடுத்த காட்சிக்குள் வெட்டிவிடுவார். வெட்டிய துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார்.

அங்கே ஞாயிறு மாட்டினியில், பெரிய படத்துக்கு முன்னால் வாரம் ஒரு பாகமாக ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் போட்டார்கள். முகமூடி போட்ட வீரன் ஒருவன் முதுகில் துணி படபடக்கப் பறந்துவந்து ஊரைக் காப்பாற்றுவான். அந்தத் துணியைப் பார்த்துப் பெண்கள் பெஞ்சில் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் துப்பட்டிக்காரன். எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே போகும்போது தலையோடு போர்த்திக்கொள்வதும் துப்பட்டிதான். அவன் யார் என்பது கடைசிப் பாகத்தில்தான் தெரியும். டாக்டர்தான் என்று என் பெரியம்மா மகள் சாதித்தாள். எல்லோரிடமும் திட்டு வாங்கும் பயந்தாங்கொள்ளிக் குமாஸ்தாதான் என்று நான் சொன்னேன். இதற்காக அவளும் நானும் பேசாமல்கூட இருந்திருக்கிறோம்.

கடைசிப் பாகம் நோன்புப் பெருநாளன்று வந்தது. அந்தப் பெருநாளோடு எனக்குக் கொட்டகையும் முடிந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டாள், இனி துப்பட்டி போடாமல் வாசல் தாண்டக் கூடாது, சினிமா கூடவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அத்தா தோல் கிடங்கிலிருந்து வந்ததும் அழுது பார்த்தேன். இந்த ஒரு தடவை மட்டும் போய்விட்டு வரட்டும் என்று அவர் வாங்கிக் கொடுத்த அனுமதி அது.

பெருநாளன்று பிரியாணிச் சட்டியைக் கழுவி வைத்த கையோடு ஊரே கொட்டகைக்கு வரும். அதனால் அன்றைக்கு ஒரு காட்சி கூடுதல். நேரம் போதாது என்று எல்லாப் படத்தையும் வெட்டிக் குறைப்பார்கள். கார்ட்டூன் ஆரம்பித்தது. வில்லன் பிடிபட்டான். ஜனங்கள் கூடினார்கள். வீரன் முகமூடியை நோக்கிக் கையைத் தூக்கினான். அடுத்த நொடி அவன் எங்கோ பறந்துகொண்டிருந்தான். அது இரண்டாம் பாகத்தில் வந்த பறப்பு. பிறகு ஐந்தாம் பாகத்தில் வந்த பாலம். பிறகு முதல் பாகத்தில் வந்த ரயில். எல்லாமே பார்த்தவை, எல்லாமே பழையவை. அதோடு விளக்குப் போட்டார்கள். முன்னால் தரையில் இருந்தவர்கள் குஷியில் விசில் அடித்தார்கள். அந்த விசிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சாயங்காலம் மாமு பெருநாள் காசு கொடுக்க வந்தார். கடைசியில் அவன் யார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பார்க்காமலே வெட்டியிருந்தார்.

"முடிவுல ஒரே பேச்சு, அதுவும் இங்கிலீசு. சனம் எந்திரிச்சுப் போயிரும்மா. பறக்குறான்ல? பாக்குறவுகளுக்கு அம்புட்டுதேன் வேணும்" என்றார். பழைய துண்டுகளை அவரே டின்னிலிருந்து எடுத்து ஒட்டினாராம். அதைச் சொல்லும்போது அப்படி ஒரு சிரிப்பு. வெட்டியதில் எனக்கென்று ஒன்றை எடுத்து வந்திருந்தார். ஜிப்பா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மிச்சம் எங்கே என்றேன்.

"பெருநாக் கூட்டத்துல டின்னுல எங்கிட்டுப் போட? அதையெல்லாம் பெருக்கித் தள்ளியாச்சு" என்றார்.

அம்மா என்னை அதட்டினார், மாமு ஆசையாகக் கொடுத்ததை மூஞ்சியைத் தூக்கிக்கொண்டா வாங்குவது என்று. அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குத் துப்பட்டி வந்தது. நல்ல துணிதான். அதைப் போட்டுக்கொண்டு உறவுக்காரர் வீடுகளுக்குப் போனேன், சின்னாளப்பட்டிக்குச் சேலை வாங்கப் போனேன். கொட்டகை வாசலைக் குதிரை வண்டி தாண்டும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மாமு மௌத்தாகி வெகு காலமாயிற்று. நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேச்சு. கல்யாணங்களுக்கு ஓடி ஓடி உழைத்தார், அத்தா படுக்கையில் கிடந்தபோது கூடவே இருந்தார். எல்லாம் உண்மை. அவருக்காக துஆ கேட்கிறேன், குறை வைப்பதில்லை. ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்காமல் முடிவு செய்தவர்களில் சிரித்துக்கொண்டே அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது வீட்டில் டிவியைப் போட்டால் எந்நேரமும் எவனாவது பறக்கிறான். கேட்காமலே முகமூடியைக் கழற்றுகிறான். எனக்கு அவர்களில் யாரும் வேண்டாம். நேற்று அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிறம் போய்விட்டது, ஆனாலும் தெரிகிறது. முதல் படத்தில் அவன் விரல் முகமூடியின் ஓரத்தைத் தொடுகிறது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஓரம் லேசாகத் தூக்கி, மோவாய் தெரிகிறது. மாமு கத்தரியை இன்னும் ஒரு விரல் தள்ளி வைத்திருக்கலாம்.