கண்ணீர்ச் சுழி

போன ஞாயிறு காலை நண்பர் சிதம்பரம் ஒரு குதிரையின் முகத்தை போட்டோ எடுத்து, நாகர்கோவிலில் இருக்கும், சுழி பார்க்கத் தெரிந்த தாய்மாமனுக்கு அனுப்பினார். பெண்ணின் ஜாதகத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர் மாதிரி முகம்.

சிதம்பரத்துக்குச் சாலை பஜாரில் ஹார்டுவேர் கடை. வயது ஐம்பத்திரண்டு. தீராத முதுகுவலி. ஆனாலும் ஆறு மாதமாக, வித்துரா போகும் வழியில் ஒரு சின்ன ரைடிங் ஸ்கூலில் குதிரையேற்றம் கற்கிறார். எதற்கு என்று கேட்டால், "ஏன், கூடாதா வே?" என்பார். அதற்குமேல் என்ன கேட்பது?

அந்த ஸ்கூலை மூடுகிறார்கள். இருந்த மூன்று குதிரைகளில் இரண்டுக்குப் போக்கிடம் கிடைத்துவிட்டது. மூன்றாவது பிஜிலி, மார்வாரிப் பெண் குதிரை. அவளை யாரும் கேட்கவில்லை. இடது கண்ணுக்குக் கீழே ரோமம் சுழித்துக்கொண்டிருக்கிறது... கண்ணீர் விழும் இடத்தில். ராஜஸ்தானிலும் ஆகாது, நாஞ்சில் நாட்டிலும் ஆகாது! சிதம்பரம் வாங்காவிட்டால் மறுநாள் கல்யாண ஊர்வலக்காரர் லாரியோடு வந்துவிடுவார்.

"அங்க செண்டையும் படக்கமும் ஆணு அண்ணா," என்றாள் பயிற்சியாளர் ஷீபா, மலையாளம் கலந்த தமிழில். "ஒரு வெடி கேட்டா இவ மூணு நாள் ஒண்ணும் தின்னாது."

மாமா பதில் சொல்வதற்குள், கூடப் போயிருந்த நான் லாயத்தைச் சுற்றிவந்தேன்.

முதலில் நின்றவன் தரோபிரெட். ரேஸுக்காகவே இங்கிலாந்தில் உருவான இனம். தந்தைவழியில் போனால் உலகத்துத் தரோபிரெட்டுகள் அத்தனையும் கிழக்கிலிருந்து போன மூன்றே ஆண் குதிரைகளில் போய் முடியும் என்றாள் ஷீபா. ரேஸில் ஓடிப் பழகியவனைக் கடிவாளம் பிடித்து இழுத்தால் நிற்கமாட்டானாம். இன்னும் வேகமாக ஓடுவானாம். இப்படிச் சில மனிதர்களையும் எனக்குத் தெரியும்.

அடுத்தவன் அரபி. உள்வாங்கிய மூக்குத்தண்டு, கொடி மாதிரி தூக்கிய வால். கூடாரத்துக்குள்ளேயே மனிதர்களோடு படுத்து வளர்ந்த பரம்பரை. நாளெல்லாம் ஓடினாலும் சளைக்காது. தொலைதூரப் பந்தயத்துக்கு இவனைவிட்டால் ஆள் இல்லை. பாண்டியர் துறைமுகங்களில் கப்பல் கப்பலாக இறங்கியவர்கள் இவனுடைய முன்னோர்தானே? கடலைத் தாண்டி நம் வெயிலில் முதன்முதலாகக் கால் வைத்தபோது என்ன நினைத்திருக்கும் அந்த மிருகம்...

பிறகு பிஜிலி. உள்நோக்கி வளைந்த இரண்டு காதுகள், நுனியோடு நுனி தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. நான் வலப்பக்கம் இருமினேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. மற்றது ஷீபாவிடமே இருந்தது. போர்க்களத்துக்காக வளர்த்த இனம். அலுங்காமல் குலுங்காமல் போகும் ஒரு நடை உண்டு இவர்களுக்கு. முதுகுவலிக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

மாமாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"மருமவனே, அது கண்ணீர்ச் சுழிடே. காளைன்னாலும் குதிரைன்னாலும் வீட்டுல அழுகச் சத்தம் நிக்காது. பேசாம வந்துரு."

சிதம்பரம் போனைப் பையில் போட்டார். "அப்போ லாஸ்ட்டா ஒரு ரவுண்ட் அண்ணா," என்றாள் ஷீபா.

சேணத்தை நானே கட்டுகிறேன் என்றார் சிதம்பரம். குதிரை ஒரு சூட்சுமம் செய்யும்: வயிற்று வாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலடி நடக்கவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். முதல் நாள் பாடமே இதுதான். மனசு சரியில்லாதவருக்குப் பாடமா ஞாபகம் இருக்கும்? ஏறிவிட்டார்.

முதல் வளைவிலேயே சேணம் பக்கவாட்டில் சரிந்தது. அவரும் சரிந்தார். இடது கால் சேணத்தின் மிதிவளையத்தில் மாட்டிக்கொள்ள, முதுகு மண்ணில், முகத்துக்கு மேலே குதிரையின் வயிறு. சுற்றிலும் நான்கு குளம்புகள். சரியாக அந்த நேரம் பார்த்து ரோட்டில் பொன்முடி பஸ் ஹாரன் அடித்தது... நீளமாக.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பிஜிலி நடுங்கிக்கொண்டிருந்தாள். தோல் முழுக்க அலையடித்தது. காதுகள் கழுத்தோடு ஒட்டிக்கிடந்தன. ஆனால் குளம்புகள்? ஒன்றுகூட நகரவில்லை. பயந்த உடம்பு மொத்தத்தையும் அந்த நான்கு கால்களில் பிடித்து நிறுத்திவைத்திருந்தாள்.

"நில்லு மோளே, நில்லு," என்று பேசியபடியே ஷீபா நடந்து போனாள். ஓடவில்லை. காலை விடுவித்து, சிதம்பரத்தை வெளியே இழுத்தாள்.

அவர் மண்ணில் உட்கார்ந்தபடியே பிஜிலியின் கால்களைப் பார்த்தார்.

"ஷீபா, அந்த லாரிக்காரன வரவேண்டாம்னு சொல்லிரு. கல்லாறுல நம்ம தோட்டம் சும்மாத்தான கெடக்கு."

"மாமன் வேண்டான்னு பறஞ்சதல்லே?"

"மாமா போட்டோல மூஞ்சியத்தான பாத்தாரு? காலப் பாக்கலயே."

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து மண்ணைத் தட்டினார். நரைத்து மெலிந்த முடிக்கு நடுவே அப்போதுதான் கவனித்தேன். இரட்டைச் சுழி. இவனுக்கு ரெண்டு கல்யாணம், கட்டினவள் பாடு திண்டாட்டம் என்று நம் சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்களே, அதேதான்.

பிஜிலி மூக்கைத் தாழ்த்தி அதை நிதானமாக முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.